கீரை இருக்க மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 26. பெரம்பூரில் இருக்கிறோம். இது ஏழாவது வாரம்; நாள் தள்ளியதே போன வாரம்தான் தெரிந்தது. டாக்டர் ஃபோலிக் ஆசிட் எழுதிக்கொடுத்தார். "நாங்க மாத்திரை போட்டா பிள்ளை பெத்தோம்? சூடு, வயித்தைக் கட்டும். நான் தினம் கீரை ஆக்கித் தர்றேன்" என்கிறார் மாமியார். முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும் என்று தோழி வேறு பயமுறுத்துகிறாள். அட்டையை இன்னும் பிரிக்கவில்லை.

பதில்: இன்றைக்கே பிரித்துவிடுங்கள், அம்மா.

மாமியார் சொல்லும் மலச்சிக்கல் இரும்புச்சத்து மாத்திரையால் வருவது. அந்த மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து தருவார்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது வெறும் பி வைட்டமின். லத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. கீரையில் கண்டெடுத்ததால்தான் இந்தப் பெயரே. ஆனால் கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் சத்தில் பெரும்பங்கு அதோடு போய்விடும். கீரையும் பாசிப்பயறும் தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

தோழி சொன்னதில் உண்மை உண்டு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். அது சரியாக மூட ஃபோலிக் ஆசிட் உதவுகிறது. அதனால்தான் கரு உண்டாவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறோம். அதற்காக நீங்கள் கலங்க வேண்டாம். மாத்திரையே போடாத தாய்மார்களிலும் மிகப் பெரும்பாலோரின் குழந்தைக்கு அந்தக் குழாய் மூடாத குறை வருவதில்லை. பன்னிரண்டு வாரம் முடியும்வரை விடாமல் போடுங்கள்.

நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது, முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த ஒரு குழந்தையைக் கையில் வாங்கினேன். "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று அந்தத் தாய் கேட்டாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்படிக் குழந்தை பெற்றவர்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் ஆசிட் 4 மில்லிகிராம் எடுத்ததில், மறுபடி அந்தக் குறை வருவது கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு குறைந்ததை 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அந்தத் தாயின் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அட்டையில் அளவைப் பாருங்கள். பொதுவாக 400 மைக்ரோகிராம் போதும். நம் ஊர் மருந்துக்கடைகளில் 5 மில்லிகிராம்தான் சுலபமாகக் கிடைக்கிறது. வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள், முன்பு இந்தக் குறையோடு குழந்தை பெற்றவர்கள் போன்றோருக்கான அளவு அது. உங்களுக்கு அதுதான் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல், ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால் மாத்திரை இலவசம். ஐந்தாம் மாத ஸ்கேனில் முதுகுத்தண்டைப் பார்ப்பார்கள். அன்று மாமியாரையும் கூட்டிப்போங்கள்.