புள்ளியைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடலாமா?

கேள்வி: டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வெளியே ஐந்து ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறோம். 14 வயது மகள் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். இரண்டு பெட்டைக் குதிரைகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று உடம்பெல்லாம் புள்ளி போட்ட அப்பலூசா, மற்றது வெள்ளைத் திட்டுகள் உள்ள பெயின்ட். பக்கத்துப் பண்ணைக்காரரோ குவார்ட்டர் ஹார்ஸ்தான் நல்லது என்கிறார். பின்னால் குட்டி எடுக்கவும் பந்தயத்தில் ஓட்டவும் ஆசை. எதை வாங்கலாம்?

பதில்: பெயின்ட்டும் குவார்ட்டரும் ஒரே ரத்தம். குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம் 1940-ல் தொடங்கியபோது, அளவுக்கு மீறி வெள்ளை விழுந்த குட்டிகளைப் பதிவேட்டில் சேர்க்கவில்லை. அப்படி ஒதுக்கப்பட்டவற்றுக்காக 1962-ல் உருவானதுதான் பெயின்ட் சங்கம். அதனால் உடற்கட்டில் பெரிய வேறுபாடு தேடாதீர்கள். அப்பலூசாவின் வழி வேறு. நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் வளர்த்த குதிரை அது. 1877 போரில் அவர்கள் அமெரிக்க ராணுவத்திடம் தோற்றபோது குதிரைகளும் கைவிட்டுப் போயின. 1938-ல்தான் அந்த இனத்தை மீட்க ஒரு சங்கம் வந்தது. மூக்கைச் சுற்றிப் புள்ளி விழுந்த தோல், மனிதக் கண் போல வெள்ளை தெரியும் விழி, குளம்பில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள், இவைதான் அதன் அடையாளம்.

சரி, நிறத்துக்கு வருவோம். பலரும் ஏமாறுவது இங்கேதான். அப்பலூசாவின் புள்ளி மரபணு ஒரு பிரதி இருந்தால் புள்ளிகள் நிறைய விழும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதி ஆகிவிட்டால் புள்ளிகள் குறைந்து, சில குதிரைகள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். இரண்டு பிரதி உள்ள பெட்டையை எந்த ஆணோடு சேர்த்தாலும் பிறக்கும் குட்டிகள் எல்லாம் அந்த மரபணுவைப் பெறும் என்பதால் இனப்பெருக்கக்காரர்கள் அதற்குக் கூடுதல் விலை சொல்வார்கள். ஆனால் அந்தக் குதிரைக்குப் பிறவியிலேயே மாலைக்கண்.

நண்பர் ஒருவர் குடும்பத்தோடு அப்படி ஒரு பெட்டையைப் பார்க்கப் போயிருந்தேன். பகலில் குழந்தை ஏறி ஓட்டினாள், துளி பிசகில்லை. பொழுது சாய்ந்து லாயத்துக்கு நடத்தினோம். வாசலில் நின்றுவிட்டது. கழுத்தைத் தாழ்த்தி, மூக்கால் கதவுச் சட்டத்தைத் தடவித் தடவிப் பார்த்துத்தான் உள்ளே காலை வைத்தது. விற்றவர் அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் குதிரைக்கு நிறையப் புள்ளி என்பதால் மாலைக்கண் பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் அந்தி நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். இந்த இனத்துக்குக் கண்ணுக்குள் அழற்சி திரும்பத் திரும்ப வந்து பார்வையையே பறிக்கும் நோயும் மற்ற இனங்களைவிட மிக அதிகம். கால்நடை மருத்துவரை வைத்துக் கண்ணைச் சோதிக்காமல் வாங்காதீர்கள்.

பெயின்ட்டில் குட்டி எடுப்பதானால் கவனிக்க வேண்டியது, உடம்பில் வெள்ளைத் திட்டு விழச் செய்யும் 'ஃபிரேம்' மரபணு. அது உள்ள பெட்டையை, அதே உள்ள ஆணோடு சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் வெள்ளை வெளேரென்று ஒரு குட்டி பிறக்கும். பார்க்க அவ்வளவு அழகு! குடலில் நரம்பு அணுக்கள் இல்லாததால் சாணம் இறங்காமல் வலியில் துடித்து ஓரிரு நாளில் செத்துப்போகும். சிகிச்சை கிடையாது. வெள்ளையே தெரியாத குதிரையிலும் இந்த மரபணு ஒளிந்திருக்கலாம், ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. பெட்டைக்கு இருந்தால் பரவாயில்லை, சேர்க்கும் ஆணுக்கு இருக்கக் கூடாது.

பந்தயம் என்றால் பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்வது சரி. கால் மைல் ஓட்டத்துக்கென்றே உருவான இனம் குவார்ட்டர். பெரும் பரிசுப் பந்தயங்களும் அந்த இனத்துக்குத்தான், நியூ மெக்சிகோவில் 1959-ல் தொடங்கிய ஆல் அமெரிக்கன் ஃபியூச்சூரிட்டி உட்பட. மற்ற இரண்டு இனங்களுக்கும் பந்தயம் உண்டு, குறைவு. ஆனால் பந்தயத்துக்கு வளர்த்த குதிரையில் பதினான்கு வயதுப் பெண்ணை ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆசை தனி, அதற்குக் குதிரையும் தனி.

என்னிடம் கேட்டால், அந்தப் பெயின்ட் சாதுவாக இருந்து மகளுக்கும் பிடித்திருந்தால் அதையே வாங்குவேன். முன்பணத்துக்கு முன்னால் 'ஃபிரேம்' இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை. பிடரியிலோ வாலிலோ இருபது முப்பது முடியை வேரோடு பிடுங்கி, டேவிஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மரபணு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். கத்தரித்து அனுப்பாதீர்கள், வேரில்தான் விஷயமே இருக்கிறது.