குழந்தைகளுக்குத் தனி உரிமைகள் எதற்கு? பெற்றோரின் அன்பு போதாதா?

போதாது. பிள்ளைகளை நேசித்த பெற்றோரே வறுமை தாங்காமல் அவர்களை ஆலைக்கும் சுரங்கத்துக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அன்றைய சமூகத்துக்கு ஏழைக் குழந்தை என்பது உருவத்தில் சிறிய உழைப்பாளி, அவ்வளவுதான். பிரிட்டனின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெரும்பாலான துணி ஆலைகளில் 9 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. 9 முதல் 13 வயது வரையிலானவர்களுக்கோ நாளொன்றுக்கு 9 மணி நேரம் வரை வேலை! அதுவே பெரிய சீர்திருத்தமாக இருந்தது என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

அடுத்து வந்தது, குழந்தையைக் காக்க வேண்டும் என்ற பார்வை. பிரிட்டனின் சமூகச் செயல்பாட்டாளர் எக்லண்டைன் ஜெப் வரைந்த குழந்தை உரிமைகள் பிரகடனத்தை 1924இல் ஐ.நா.வின் முன்னோடியான சர்வதேச சங்கம் ஏற்றது. பசித்த குழந்தைக்கு உணவு, நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை எனப் பெரியவர்களின் கடமைகளையே அது பேசியது.

உண்மையான திருப்பம் 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கைதான். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை அதன் 12ஆவது பிரிவு குழந்தைக்குத் தருகிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்தை மதிக்க வேண்டும். இதனால் பெற்றோரின் இடம் பறிபோய்விடாது. அவர்களின் வழிகாட்டும் பொறுப்பை 5ஆவது பிரிவு தெளிவாக அங்கீகரிக்கிறது.

பெற்றோர் பிரியும்போது யாருடன் வாழ விருப்பம் என்று குழந்தையிடம் கேட்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தன் விருப்பத்தைச் சொல்வது அதன் உரிமை. ஆனால், முடிவெடுக்கும் சுமையை அந்தச் சின்னத் தோள்களில் ஏற்றிவிடக் கூடாது. நீதிபதியோ பெற்றோரோதான் அதைச் சுமக்க வேண்டும்.