பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகத்துக்கும் கரும்பொருளுக்கும் என்ன சம்பந்தம்?

குமுளியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: போடி பக்கம் திட்டமிட்டு இன்னும் கட்டப்படாத நியூட்ரினோ ஆய்வகத்தால் டார்க் மேட்டர் எனும், ஒளி விடாத, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைப் பற்றி ஏதாவது தெரியுமா? தெரியும், சூரியன் வழியாக.

கரும்பொருள் துகள்கள் நொடிக்கு 200-300 கி.மீ. வேகத்தில் அலைவதாகக் கணக்கு. சூரியனுக்குள் விழும் துகள் ஹைட்ரஜன் அணுக்கருவில் (புரோட்டானில்) மோதிக் கொஞ்சம் வேகம் இழந்தாலே மாட்டிக்கொள்ளும். மையத்தில் தப்பிக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 1,400 கி.மீ. மாட்டியவை மையத்தில் சேர்ந்து, ஜோடி ஜோடியாக அழியும். அதில் பிறப்பவற்றில், எதனோடும் லேசில் மோதாத துகளான நியூட்ரினோ மட்டுமே வெளியே வரும்.

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. சூரியனின் 460 கோடி ஆண்டு வயதில் சிக்குவதும் அழிவதும் சமநிலைக்கு வந்திருந்தால், அழியும் வீதம் சிக்கும் வீதத்தில் சரிபாதி. ஆகவே நியூட்ரினோ எண்ணிக்கை காட்டுவது ஒரு ஜோடி எவ்வளவு எளிதில் அழிகிறது என்பதை அல்ல, கரும்பொருள் புரோட்டானோடு எவ்வளவு மோதுகிறது என்பதை. நியூட்ரினோவின் உச்ச ஆற்றல் துகளின் நிறையைத் தாண்டாது. அதிலிருந்து நிறைக்கும் துப்பு கிடைக்கும்.

சூரியனின் அணுக்கரு இணைவில் வரும் நியூட்ரினோக்கள் 20 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை (இது துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) தாண்டுவதில்லை. அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய கிகா எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் அந்தத் திசையிலிருந்து கூடுதலாக வந்தால் அது பெரிய செய்தி. இடைஞ்சல், வளிமண்டலத்தில் பிறக்கும் அதே ஆற்றல் நியூட்ரினோக்கள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கிய பிறகு, பூமியைத் துளைத்துக் கீழிருந்து வரும் நியூட்ரினோ மோதிப் பிறக்கும் மியூவான்களை (எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்களை) எண்ணுவதுதான் சுத்தமான வழி. மேலிருந்து வரும் காஸ்மிக் கதிர் மியூவான்களைக் குறைக்கத்தான் ஆய்வகத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை. ஆற்றல் குறைந்தால் மியூவான் நியூட்ரினோவின் திசையிலிருந்து பல பாகை விலகும். தேடும் கூம்பை அகலமாக்க வேண்டும், பின்னணியும் கூடவே நுழையும். ஆற்றல் பல நூறு கிகா எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால் சூரியனே நியூட்ரினோவை விழுங்கத் தொடங்கும்.

அண்டார்க்டிகாவின் ஐஸ்கியூப், ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே என்ற நியூட்ரினோ ஆய்வகங்கள் இரண்டும் தேடியும் கூடுதல் எதுவும் காணவில்லை. அதனால் கரும்பொருளே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். சுமார் 4 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே (துகளின் நிறையையும் இதே அலகில்தான் சொல்வார்கள்) நிறை இருந்தால், சூரிய வெப்பமே துகளை உதைத்து வெளியே தள்ளிவிடும். துகள் மட்டும் இருந்து எதிர்த்துகள் இல்லையென்றால் அழிவும் இல்லை, நியூட்ரினோவும் இல்லை.

அந்த வகைக்கு என் தேர்வு, பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்த்தியான கருவான நியூட்ரான் விண்மீன்தான். அங்கே துகள் ஒளிவேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் விழும். அழியத் தேவையே இல்லை, விழுந்த வேகமே சூடாக்கும். நம் அருகில் உள்ள கிழட்டு நியூட்ரான் விண்மீன் ஆறிப்போகாமல் சுமார் 1,700 கெல்வினில் நின்றால் அகச்சிவப்பில் மங்கலாக ஒளிரும். அதைவிடக் குளிர்ந்த ஒன்று கிடைத்தால், மோதல் வலிமைக்கு மிகக் கடுமையான உச்சவரம்பு விழும்.