பிக்அப் முன்பக்கம் தரையில் இடிக்கிறதா? சில கேள்விகள், பதில்கள்

கட்டுமானத் தளத்து மண்மேட்டில் பம்பர் உரசுகிறது, மலேசியாவின் ஜொகூர் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் அடிபடுகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பிக்அப், ஜீப் வகை வண்டிகளின் முன்பக்க வேலைதான் என் தொழில். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணே, சிங்கப்பூர் துவாஸில் சைட் வேலை. கம்பெனி ஹைலக்ஸ் பிக்அப் மண்மேட்டில் ஏறும்போதெல்லாம் பம்பரின் கீழ்விளிம்பு முதலில் இடிக்கிறது. 2 அங்குலம் தூக்கிவிட்டால் சரியாகுமா?

தூக்குவதற்கு முன் அளந்து பாருங்கள் தம்பி. நேரான பலகை ஒன்றை எடுங்கள். முன் டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு முனையை முட்டக் கொடுத்து, மறுமுனையை பம்பரின் அடியில் படும்வரை உயர்த்துங்கள். கைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியைப் பலகைமேல் வைத்தால் ஏறுகோணம், அதாவது பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவின் கோணம், ஏறக்குறைய தெரிந்துவிடும். இன்றைய பிக்அப் பலவற்றில் அது 30 டிகிரியை ஒட்டி இருக்கும். சுஸுகி ஜிம்னியில் 37. ஜீப் ராங்லர் ரூபிகானில் 44 அளவுக்கு வரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். டயரின் உயரம் 780 மி.மீ., டயரின் நடுவிலிருந்து பம்பர் நுனி 700 மி.மீ. முன்னால் நீண்டிருக்கிறது, அது தரையிலிருந்து 345 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். கோணம் 30 வரும். வண்டியை 50 மி.மீ. தூக்கினால் 34 ஆகும். தூக்காமலே அந்த நுனியை 100 மி.மீ. பின்னுக்குக் கொண்டுவந்தால் 36 ஆகிவிடும். தூக்குவதில் கிடைப்பதைவிட நீட்டலைக் குறைப்பதில் கூடுதலாகக் கிடைக்கிறது. இதைத்தான் பட்டறைக்கு வருகிற எல்லாரிடமும் முதலில் சொல்கிறேன். பலர் வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கிட்டுக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் கேட்க வருகிறார்கள், அது எனக்கு வருத்தம்.

உங்கள் வண்டியில் இடிப்பது அநேகமாக பம்பருக்குக் கீழே தனித்துண்டாகத் தொங்கும் பிளாஸ்டிக் விளிம்பாகத்தான் இருக்கும். கிளிப்பும் திருகும் கழற்றினால் வந்துவிடும். திரும்ப மாட்டவும் முடியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில வண்டிகளில் ரேடியேட்டருக்குக் காற்றைத் திருப்பிவிடுவதே அந்தத் துண்டுதான். கழற்றியபின் கொஞ்ச நாள் வெப்பமானியைப் பார்த்து ஓட்டுங்கள். சூடு ஏறினால் மாட்டிவிடுங்கள். அப்புறம், கம்பெனி வண்டி என்பதால் முதலாளியிடம் கேட்காமல் கைவைக்க வேண்டாம்.

பம்பரையே அறுத்து மேலே வளைத்துவிட்டால் என்ன? ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மைத்துனர் அப்படித்தான் செய்திருக்கிறார்.

செய்யலாம், ஆனால் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பம்பர் வெறும் உறை. உள்ளே குறுக்காக ஒரு எஃகுச் சட்டம் ஓடும். அதற்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிக்கூடு) நடுவில், மோதும்போது மடங்கி நொறுங்குவதற்கென்றே வைத்த இரண்டு பெட்டிகள் இருக்கும். மோதலின் வேகத்தை அவை வாங்கிக்கொள்வதால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு அடி குறைகிறது. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று சொல்லும் சென்சார்களும் பல வண்டிகளில் ரேடியேட்டர் சட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சட்டத்தை அறுத்தாலோ, நொறுங்கும் பெட்டியை எடுத்துவிட்டுத் தடித்த தகட்டை வெல்டு வைத்தாலோ, ஏர்பேக் முந்தியோ பிந்தியோ விரியலாம். விரியாமலும் போகலாம்.

புதிய வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. தானாக பிரேக் போடும் வசதி இருந்தால் கிரில்லுக்குப் பின்னாலோ பம்பரிலோ ரேடார் இருக்கும். அதன் எதிரில் இரும்பு வந்தால் பார்வை மறைந்துவிடும். இடம் மாற்றினால் மறுபடி அளவு சரிபார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே உறையின் கீழ்மூலைகளை மட்டும் ஒழுங்காக வெட்டுவதோடு நிறுத்துங்கள். டயருக்கு முன்னால் இருக்கும் அந்த இரண்டு மூலைகள்தான் பள்ளத்தில் முதலில் மாட்டும். சட்டத்தைத் தொடாதீர்கள். உங்கள் மைத்துனர் மாட்டியிருப்பது ஏர்பேக்கோடு ஒத்துப்போகும்படி சோதித்து விற்கப்படும் முழுப் பம்பராக இருந்தால் அது வேறு விஷயம். அங்கே புல் பாருக்கென்று, அதாவது பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புக்கென்று, தனித் தரநிலையே இருக்கிறது.

ஐயா, புல் பார் இங்கே போடலாமா? ஊரில் அண்ணன் பொலிரோவில் போட்டிருந்தார், போலீஸ் எடுக்கச் சொல்லிவிட்டதாம்.

இந்தியாவில் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. அண்ணனுக்கு நடந்தது அதன் தொடர்ச்சிதான். சாலையில் நடப்பவர் மீது வண்டி மோதினால், வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக வளையாத இரும்பு இடுப்பிலும் தொடையிலும் படும். குழந்தையாக இருந்தால் தலையில் படும்.

சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி வாங்க வேண்டியவை, செய்யவே கூடாதவை. எது எதில் வருகிறது என்று அவர்களுடைய ஒன்மோட்டரிங் தளத்தில் பாருங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். என்னைக் கேட்டால், பள்ளிக்கூட வாசலையும் பேருந்து நிறுத்தத்தையும் கடந்து தினமும் ஓடும் வண்டிக்குப் புல் பார் தேவையே இல்லை.

பெரிய டயர் போட்டாலே உயரம் கிடைக்குமே?

கிடைக்கும். பிக்அப்பின் பின் அச்சு நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியலுக்கு (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அடியில் உயரம் கூட்டுவது டயர் மட்டும்தான், அதற்காக எனக்குப் பிடிக்கும். ஆனால் கிடைப்பது கொஞ்சம். 265/65 ஆர்17-இலிருந்து 265/70 ஆர்17-க்குப் போனால் டயர் ஏறக்குறைய 26 மி.மீ. உயரும். வண்டி அதில் பாதிதான் உயரும், 13 மி.மீ. மீட்டரில் 70 காட்டும்போது உண்மையில் முன்பைவிட 3 சதவீதத்துக்கு மேல் வேகமாகப் போவீர்கள். பின்னால் வேக வரம்பு 70 என்று ஒட்டிய சரக்கு வண்டிக்கு இது கவலைப்பட வேண்டிய விஷயம். முழுதாக ஸ்டீயரிங் திருப்பி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்படியே 2 அங்குலம் தூக்கினால் வேறென்ன பார்க்க வேண்டும்?

முன் சஸ்பென்ஷன் சக்கரத்துக்குச் சக்கரம் தனியாக இயங்கும் பிக்அப்பில் சிவி ஜாயின்ட் (முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் மூட்டு) கூடுதல் கோணத்தில் சுழலும், அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஹெட்லைட்டைத் தாழ்த்திச் சரிசெய்யுங்கள். இதைப் பலர் மறந்து எதிரில் வருபவர் கண்ணில் ஒளியை அடிக்கிறார்கள். தூக்குவதற்கும் அனுமதி பற்றி முன்னால் சொன்னதே பொருந்தும்.

அண்ணா, சேற்றில் மாட்டினால் முன்னால் இருக்கும் வளையத்தில் கயிறு கட்டி இழுக்கலாம்தானே?

இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போயிருக்கிறது. பல வண்டிகளில் முன்னால் இருக்கும் மெல்லிய வளையம், கப்பலிலோ டிரெய்லரிலோ வண்டியைக் கட்டி வைப்பதற்கானது. சேற்றில் ஆழமாகப் புதைந்த வண்டி தன் எடையைவிடக் கூடுதலான விசையைக் கேட்கலாம். நீண்டு சுருங்கும் பட்டை போட்டு இழுத்தால், பிய்த்துக்கொண்ட வளையம் குண்டு மாதிரிப் பறக்கும். கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும்.

சேசிஸில் நேரடியாக, தரமான போல்ட்டில் மாட்டிய, தாங்கும் எடை பொறித்த இழுவைக் கொக்கி வேண்டும். முன்பக்கத்துக்கு ஒரே ஒரு செலவு செய்ய முடியும் என்றால் இதற்குச் செய்யுங்கள். இழுவைப் பந்தில், அதாவது டிரெய்லர் மாட்டும் உருண்டையில், ஒருபோதும் பட்டையை மாட்டாதீர்கள். இழுக்கும்போது பட்டைமேல் கனமான போர்வையோ ஈரச் சாக்கோ போடுங்கள். சுற்றி நிற்பவர்களைப் பட்டையின் நீளத்தைவிடத் தூரமாக அனுப்புங்கள்.

முன்னால் மாட்டி, கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் எத்தனை பவுண்டு வாங்க வேண்டும்?

சுமையோடு சேர்ந்த மொத்த எடையில் ஒன்றரை மடங்கு. 3 டன் என்றால் 4.5 டன். 9,500 பவுண்டு வின்ச் 4.3 டன்தான், 12,000 பவுண்டு வாங்குங்கள். எஃகுக் கயிறோடு அது 40 கிலோ வரை வரும், முன் ஸ்பிரிங் தாழும். தாழ்ந்தால் நீங்கள் கூட்டிய கோணத்தில் கொஞ்சம் போய்விடும்.

ஈசூனில் இருக்கிறேன். ஜிம்னியில் குடும்பத்தோடு ஜொகூரின் கோத்தா திங்கி பக்கம் தோட்டப் பாதையில் போக ஆசை. முன்பக்கம் என்ன மாற்ற வேண்டும்?

ஒன்றும் வேண்டாம்மா. 37 டிகிரி அந்தப் பாதைக்குத் தாராளம். டயர் காற்றழுத்தமானியும் சிறிய கம்ப்ரஸரும் வாங்குங்கள். மண்பாதையில் காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும், தார்ச்சாலை வந்ததும் நிரப்பிவிடுங்கள். தோட்டப் பாதை பெரும்பாலும் தனியார் நிலம், முதலில் அனுமதி கேளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழையில் ஓடைகள் திடீரென்று ஏறும். அந்த மாதங்களில் பிள்ளைகளோடு போகாதீர்கள்.

பம்பருக்கு அடியில் கீறிய இடத்தில் துரு பிடிக்கிறது.

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, நீங்கள் பார்ப்பது உள்ளே இருக்கும் சட்டம். கடலோரத்தில் வேலை என்றால் வாராவாரம் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். துருவை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, காய்ந்தபின் பெயின்ட் அடியுங்கள். சட்டம் ஓட்டை விழும் அளவுக்கு அரித்திருந்தால் ஒட்டுப்போட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.