தஞ்சோங் பகாரில் மறுபடியும் ரயில் ஏற முடியுமா?

கேள்வி: சின்ன வயதில் சிங்கப்பூர் டேங்க் ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறியதாக அப்பா சொல்வார். நான் தஞ்சோங் பகாரில் ஏறித்தான் மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் வந்தேன். இப்போது எனக்கு 68 வயது, முழங்கால் வலி. அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடிவதில்லை. பழைய நிலையங்களுக்குத் திரும்ப ரயில் வருமா? ஜொகூருக்குக் கட்டுகிற புதுப் பாலம் திறக்கட்டும் என்று பயணத்தைத் தள்ளிப்போடலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: அம்மா, முதல் கேள்விக்கு வராது என்பதுதான் பதில். இரண்டாவதற்கு, தள்ளிப்போட வேண்டாம், இப்போதே ரயிலில் போகலாம் என்பேன்.

உங்கள் அப்பா சொன்ன டேங்க் ரோடு நிலையம் 1903-இல் திறந்தது. தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பக்கத்தில், தைப்பூசத்தன்று காவடி வந்து சேர்கிற அதே வட்டாரம். அங்கிருந்து நியூட்டன், புக்கிட் தீமா வழியாக உட்லண்ட்ஸ் வரை பாதை. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலம் வருவதற்கு முன்பு உட்லண்ட்ஸில் இறங்கிப் படகில்தான் ஜொகூர் போனார்கள். 1923-இல் கடற்பாலத்தின் மேலேயே ரயில் ஓட ஆரம்பித்தது. அதற்குள் ஊர் பெருத்துவிட்டது. சாலையை வெட்டிக்கொண்டு போகிற தண்டவாளம் பெரிய தொல்லையாகிவிட, 1932-இல் பாதையையே மேற்கே திருப்பி, துறைமுகத்தை ஒட்டித் தஞ்சோங் பகாரில் புது நிலையம் கட்டினார்கள். டேங்க் ரோடு நிலையம் போனது அப்படித்தான். நகரத்துக்குள்ளிருந்து ரயில் வெளியேறியது 2011-இல் முதல் தடவை அல்ல, அது இரண்டாம் தடவை.

தஞ்சோங் பகாரில் கடைசி வண்டி கிளம்பியது 2011 ஜூன் 30 இரவு. ஜொகூர் சுல்தான் இப்ராஹிமே அதை ஓட்டிப்போனார். அதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் ஏன் திரும்ப வராது என்பதும் புரிந்துவிடும். நிலையங்களும் தண்டவாளம் ஓடிய நிலமும் மலேசிய ரயில்வே கையில் இருந்தன. 1990-இலேயே இரு நாடுகளும் ஓர் உடன்பாடு போட்டும், அதற்கு என்ன பொருள் என்பதில் இருபது வருஷம் இழுபறி. 1998-இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது, மலேசியா தஞ்சோங் பகாரை விட்டு நகரவில்லை. உங்களுக்கே நினைவிருக்கும். தஞ்சோங் பகாரில் மலேசிய அதிகாரி முதலில் உள்ளே அனுமதித்துவிடுவார், அதற்கப்புறம்தான் உட்லண்ட்ஸில் இறங்கிச் சிங்கப்பூரைவிட்டு வெளியேறுவோம். காகிதக் கணக்குப்படி, வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்த கதை! 2010-இல் ரயில் நிலத்துக்கு மாற்றாக மரினா சவுத், ஓஃபிர்-ரோச்சோர் பகுதிகளில் நிலம் தரச் சிங்கப்பூர் ஒத்துக்கொண்டதும் முடிச்சு அவிழ்ந்தது.

கட்டடம் இடிந்தால் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். துண்டான பாதையை ஒட்டவைப்பதுதான் கஷ்டம். உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் நிலம் இன்று ரயில் காரிடார் என்ற பெயரில் நடைபாதையாக இருக்கிறது. அதன் ஒரு நீண்ட பகுதியில் மண்ணுக்கடியில் குடிதண்ணீர்க் குழாய் ஓடுகிறது. பழைய பாதையே ஒற்றைத் தடம், மீட்டர் கேஜ் (இரு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்தான்). புக்கிட் தீமா நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால் அது எந்தக் காலத்து ரயில் என்பது விளங்கும். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் கையில் ஒரு வளையத்தோடு நடைமேடை ஓரத்தில் நிற்பார். வளையத்தில் ஒரு பை, பைக்குள் ஒரு சாவி. வண்டி மெதுவாகக் கடக்கும்போது ஓட்டுநர் கையை நீட்டி அதை வாங்கிக்கொள்வார். அந்தச் சாவி கையில் இருந்தால்தான் அடுத்த பகுதிக்குள் நுழையலாம், எதிரே வேறு வண்டி வராது என்பதற்கு அதுதான் உத்தரவாதம். 2011 வரை இது நடந்தது. வடக்கே கிராஞ்சிப் பக்கம் ரயில் வந்தால் கேட்டை மூடிச் சாலையை நிறுத்துவார்கள். இன்றைய வாகன நெரிசலில் அதை யார் பொறுத்துக்கொள்வார்?

தஞ்சோங் பகார் கட்டடத்துக்கு ஆபத்தில்லை, அது தேசிய நினைவுச்சின்னம். முகப்பில் நிற்கும் நான்கு பளிங்குச் சிலைகளும் அப்படியே இருக்கும். இன்னொரு வேடிக்கை, பழைய நிலையங்கள் இருந்த இடங்களையெல்லாம் நகர ரயிலான எம்ஆர்டி கிட்டத்தட்ட பிடித்துவிட்டது. தஞ்சோங் பகார் நிலையத்துக்கு அடியில் வட்டப் பாதையின் கண்டோன்மென்ட், புக்கிட் தீமாவுக்கு அருகே கிங் ஆல்பர்ட் பார்க், நியூட்டனுக்கு நியூட்டன், டேங்க் ரோட்டுக்கு நடக்கிற தூரத்தில் ஃபோர்ட் கேனிங். நகரத்துக்குள் ரயில் திரும்பிவிட்டது என்றே நான் சொல்வேன், எல்லையைத் தாண்டாது, அவ்வளவுதான். (குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயில் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தோரம் போட்ட குடிலில் தொடங்கியது. அவர்கள் வேலை பார்த்த பாதை போய்விட்டது, முனீஸ்வரன் காமன்வெல்த் டிரைவில் இருக்கிறார்.)

அப்புறம் அந்தப் புதுப் பாலம். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜொகூர் பாருவின் புக்கிட் சாகர் வரை நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில். 2026 இறுதியில் ஓடத் தொடங்குவது திட்டம். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம், இரு நாட்டுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். ஆனால் அது ஜொகூர் பாருவைத் தாண்டிப் போகாது, ஈப்போவுக்கு அங்கே இறங்கி வேறு ரயில்தான். ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து கோலாலம்பூருக்கு 90 நிமிடத்தில் போவதாக இருந்த அதிவேக ரயிலோ 2021 பிறக்கும்போதே கைவிடப்பட்டது, மலேசியா 102.8 மில்லியன் வெள்ளி இழப்பீடு கொடுத்தது. மறுபடியும் பேச்சு எழுந்தாலும் அதை நம்பிப் பயணத் தேதி குறிக்காதீர்கள்.

சரி, இப்போது எப்படிப் போவது? உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கிருந்து 'ஷட்டில் தெப்ராவ்' ரயில் ஐந்து நிமிடத்தில் ஜொகூர் பாரு நிலையமான ஜேபி சென்ட்ரலில் இறக்கிவிடும், கட்டணம் ஐந்து வெள்ளி. சிங்கப்பூர், மலேசியச் சோதனை இரண்டும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடுவதால் அந்தப் பக்கம் வரிசையில் நிற்க வேண்டாம், முழங்காலுக்கு இதுதான் பெரிய உதவி. திரும்பும்போது மட்டும் மலேசியச் சோதனை ஜேபியில், சிங்கப்பூர்ச் சோதனை உட்லண்ட்ஸில். திரும்புகிற டிக்கெட் ஐந்து ரிங்கிட்தான், அதனால் வார இறுதி இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மலேசிய ரயில்வேயின் கேடிஎம் செயலியில் இரண்டு திசைக்கும் ஒரே நேரத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

ஜேபி சென்ட்ரலிலிருந்து வடக்கே முன்பு கெமாஸில் வண்டி மாற வேண்டியிருந்தது. 2025 கடைசியில் மின்சார ரயில் ஜொகூர் பாரு வரை வந்துவிட்டது, கோலாலம்பூருக்கு நாலரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே மாறி ஈப்போ. நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள், கே.எல். சென்ட்ரலில் காலை நீட்டிக் காப்பி குடித்துவிட்டு ஏறலாம். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகுமா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆர்டிஎஸ் ஓடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஷட்டில் தெப்ராவ் நின்றுவிடும், கடற்பாலத்தின் மேல் ரயிலில் போக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.