வாசகர் கேள்வி – பதில்: ஹெய்ட்டி கட்டிய தவணை

கேள்வி: அடிமை முறை ஒழிந்தது பிரெஞ்சுப் புரட்சியின் கொடை என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் கூறினார். ஹெய்ட்டியின் அடிமைகளும் பாரிஸ் தந்த விடுதலையைத்தான் பெற்றார்களா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவ்வாறு சொல்ல இடமில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமைப் பிரகடனம் 1789 ஆகஸ்டில் வெளியானது. அப்போது சான் டொமிங் என்ற பெயரில் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அந்தக் கரீபியன் நிலத்தில் சுமார் 5 லட்சம் அடிமைகள் கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் உழைத்துக்கொண்டிருந்தனர். ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேல் அங்கிருந்தே போயிற்று. பிரகடனம் வந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தும் அவர்கள் முதுகில் விழுந்த சாட்டையடி நிற்கவில்லை. 1791 ஆகஸ்ட் 22 இரவு, வடக்குச் சமவெளியின் தோட்டங்களுக்குத் தீ வைத்து அவர்களே எழுந்தார்கள்.

1793-இல் பிரிட்டனோடும் ஸ்பெயினோடும் பிரான்சுக்குப் போர் மூண்டது. கிளர்ச்சித் தலைவர்களில் பலர், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற துசான் லூவெர்த்தூர் உட்பட, ஸ்பெயினின் பக்கம் நின்றனர். பிரெஞ்சு ஆணையரான சோந்தொனாக்ஸ் அடிமை முறையை வெறுத்தவர்தான். என்றாலும், அவ்வாண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் வடக்கு மாகாணத்தின் அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றதாக அவர் அறிவித்ததற்கு, அவர்களைத் தம் பக்கம் இழுக்காவிட்டால் தீவே கைவிட்டுப் போய்விடும் என்ற நெருக்கடியும் காரணம். 1794 பிப்ரவரி 4-இல் பாரிஸ் மன்றம் நிறைவேற்றிய ஒழிப்புத் தீர்மானம், ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றுக்கு வைத்த முத்திரை.

அந்த முத்திரையும் எட்டு ஆண்டுகளே நிலைத்தது. பின்னர் பிரான்சின் பக்கம் திரும்பி, தீவின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த லூவெர்த்தூரை அடக்க, நெப்போலியன் தன் தங்கையின் கணவரான லெக்லெர்க்கின் தலைமையில் அனுப்பிய பெரும்படை 1802-இல் வந்திறங்கியது. பேச்சுவார்த்தைக்கென்று அழைக்கப்பட்ட லூவெர்த்தூர் கைது செய்யப்பட்டு, பிரான்சின் மலைப்பகுதிச் சிறையொன்றில் குளிரில் வாடி 1803 ஏப்ரல் 7-இல் இறந்தார். ஆனால் கரீபியன் கடலின் இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் பழைய விலங்கு மீண்டும் பூட்டப்பட்ட செய்தி வந்ததும், பிரான்சின் பக்கம் போயிருந்த தெசலின் போன்ற தளபதிகளும் திரும்பிவிட்டனர். மஞ்சள் காய்ச்சல் லெக்லெர்க்கையே கொண்டுபோயிற்று. வெர்த்தியே என்னுமிடத்தில் 1803 நவம்பர் 18-இல் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 ஜனவரி முதல் நாள் கோனாயிவ் நகரில் தெசலின் விடுதலையை அறிவித்து, தீவின் பூர்வகுடிகளான தாயினோக்களின் சொல்லான ஹெய்ட்டி என்பதையே நாட்டுக்குப் பெயராக்கினார்.

கேள்வி: அப்படி வென்ற நாடு இன்று வறுமையிலும் வன்முறையிலும் கிடப்பது ஏன்? அவர்களுக்கு ஆளத் தெரியவில்லை என்கிறார் என் நண்பர்.
(வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்கள் நண்பர் ஒரு கடன் பத்திரத்தைப் படிக்காமல் தீர்ப்புச் சொல்கிறார். 1825 ஏப்ரல் 17-ஆம் நாள் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தோட்டங்களை இழந்த முன்னாள் ஆண்டைகளுக்கு ஈடாக ஹெய்ட்டி 15 கோடி பிராங்கை ஐந்து ஆண்டுத் தவணைகளில் செலுத்த வேண்டும், பிரெஞ்சு வணிகத்துக்குச் சுங்கத் தீர்வையைப் பாதியாகக் குறைக்க வேண்டும், அப்போதுதான் அதன் விடுதலையைப் பிரான்சு ஏற்கும் என்பது அந்த ஆணையின் சாரம். ஆணையைக் கொண்டுவந்த தூதருடன் 14 போர்க்கப்பல்களும் வந்தன. அந்தத் தொகையின் கனத்தை அறிய ஓர் ஒப்பீடு போதும்: 1803-இல் லூயிசியானா என்ற பெருநிலத்தை அமெரிக்காவுக்கு விற்றபோது பிரான்சு பேசிய விலை 8 கோடி பிராங்கு. அந்த விற்பனை அமெரிக்காவின் பரப்பை ஏறத்தாழ இரு மடங்காக்கியது. சின்னஞ்சிறு ஹெய்ட்டியோ, தான் போரிட்டு வென்ற மண்ணுக்காக, அதில் தன் மக்களே உடைமையாக எண்ணப்பட்டிருந்த தோட்டங்களுக்காக, அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் தவணைக்கே கருவூலத்தில் பணம் இல்லை. ஆகவே பாரிஸ் வங்கியாளர்களிடம் 3 கோடி பிராங்கு கடன் வாங்கினார்கள். கழிவு போகக் கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம்தான். நம் ஊர்களில் கந்துவட்டிக்காரர் முன்வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பாரே, அதே வழக்கம் பட்டுச் சட்டை அணிந்து நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈட்டுத்தொகை ஒன்று, அதைக் கட்ட வாங்கிய கடன் இன்னொன்று என்பதால் இதை வரலாற்றாசிரியர்கள் இரட்டைக் கடன் என்கிறார்கள். 1838-இல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் காப்பி ஏற்றுமதித் தீர்வையில் வந்த வருமானம் பள்ளிக்கும் சாலைக்கும் போகாமல் பல பத்தாண்டுகள் பாரிசுக்குப் போயிற்று. தவணைக்கு வேண்டிய விளைச்சலைப் பெருக்குவதற்காக அதிபர் புவாயே 1826-இல் கொண்டுவந்த கிராமப்புறச் சட்டம், உழவர்களைத் தோட்டங்களோடு பிணைத்தது. விடுதலை பெற்றவர்களின் அரசே தன் குடிகளை மீண்டும் தோட்டத்துக்குள் தள்ள முயன்ற கொடுமையை நான் இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பக்கமாகக் கருதுகிறேன்.

பின்னர் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று நீண்டது. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹெய்ட்டியின் வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் பெறுமானமுள்ள தங்கத்தைக் கப்பலேற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு தொடங்கிய அமெரிக்க ஆக்கிரமிப்பு 1934 வரை நீடித்தது. அந்தக் கடன் சங்கிலியின் கடைசிக் கண்ணி 1947-இல்தான் அறுந்தது.

உங்கள் நண்பர் சொல்வதில் உண்மையே இல்லை என்று கூற மாட்டேன். தெசலின் 1806-இலேயே கொல்லப்பட்டார். நாடு வடக்கே கிறிஸ்டோஃபின் ஆட்சியாகவும் தெற்கே பெத்தியோனின் குடியரசாகவும் பிளந்தது. 1957 முதல் 1986 வரை துவாலியே தந்தையும் மகனும் நடத்திய கொடுங்கோன்மைக்கு வெளிநாட்டாரை மட்டும் பழிக்க முடியாது. ஆனால் கடனில் பிறந்த குடும்பத்தின் சண்டைகளைப் பற்றிப் பேசுகிறவர், கடன் கொடுத்தவரின் கணக்கையும் பார்க்கத்தான் வேண்டும். அதிபர் அரிஸ்டீட் 2003-இல் பிரான்சிடம் சுமார் 2,168 கோடி டாலர் திருப்பிக் கேட்டார். மறு ஆண்டே பதவியிழந்தார். ஆணையின் 200-ஆம் ஆண்டு நிறைவான 2025 ஏப்ரல் 17 அன்று, இதை ஆராய இரு நாட்டு வரலாற்றாசிரியர்களின் குழு அமைக்கப்படும் என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்தார். பணத்தைப் பற்றி வாக்குறுதி ஏதும் தரவில்லை.

கேள்வி: விடுதலைக்குப் பின் வெள்ளையர்களைக் கொன்றார்களாமே?
(வாசகர், நாமக்கல்)

பதில்: உண்மை. 1804-இல் தெசலினின் ஆணைப்படி, எஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையர்கள் ஆயிரக்கணக்கில், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டனர். இதற்கு நியாயம் கற்பிக்க நான் முயல மாட்டேன். அதே வேளையில், பிரெஞ்சுப் படையிலிருந்து விலகிய போலந்து வீரர்களுக்குக் குடியுரிமை கொடுத்து, ஹெய்ட்டியர் அனைவரும் இனி கருப்பர் என்றே அறியப்படுவர் என்று 1805-ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள். அமெரிக்கத் தென்மாநில ஆண்டைகள் அந்தப் படுகொலையை ஒரு பூச்சாண்டியாகப் பல்லாண்டுகள் காட்டி வந்தனர். அம்மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன பிறகுதான், 1862-இல், லிங்கனின் அரசு ஹெய்ட்டியைத் தனி நாடாக ஏற்றது.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து குவாதலூப் போனவர்களுக்கும் இந்தப் புரட்சிக்கும் தொடர்பு உண்டா?
(வாசகர், காரைக்கால்)

பதில்: நேர்த் தொடர்பு இல்லை, சுற்றிவளைத்த தொடர்பு உண்டு. ஹெய்ட்டியில் பெருந்தோட்டங்கள் உடைந்து சிறு காணிகளாயின. அதனால் அங்கே கூலிக் கப்பல்கள் போக வேண்டிய தேவையே எழவில்லை. குவாதலூப்பில் 1802-இல் டெல்கிரேஸ் என்ற படைத்தலைவர் சரணடைய மறுத்துத் தம் தோழர்களுடன் வெடிமருந்துக்குத் தீ வைத்து மாண்டார். அங்கே அடிமை முறை மேலும் 46 ஆண்டுகள் நீடித்தது. 1848-இல் அது ஒழிந்ததும், விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய ஆண்டையிடம் கூலிக்குப் போக விரும்பவில்லை. அந்த இடத்தை நிரப்பப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் 1853-இல் மற்றொரு பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் கப்பல்கள் புறப்பட்டன. ஏறத்தாழ 42,000 இந்தியர்கள் குவாதலூப் சேர்ந்தனர், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். மாரியம்மன் வழிபாடு அங்கே இன்றும் உண்டு. அவர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று 1904-இல் வழக்கில் இறங்கிய ஆன்றி சிதாம்பரோம் (சிதம்பரம் என்ற பெயர்தான் பிரெஞ்சு வாயில் அப்படி ஆயிற்று) அதைப் பெறுவதற்கு 1923 வரை காத்திருந்தார்.