நீட்டத் தெரியாத கால்

அன்புள்ள தம்பிக்கு,

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாண்டலே வீடு போனதிலிருந்து ரங்கூனில் தங்கை வீட்டில் இருக்கிறேன். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தினவள், பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்டே பழக்கம். இப்போது நிவாரண அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறேன். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனும் பர்மியப் புத்தாண்டும் ஒரே நாளில் வந்தன, ஏப்ரல் 17. காலையில் தெருப் பிள்ளைகள் புத்தாண்டு வழக்கப்படி எனக்குத் தலை கழுவிவிட வந்தார்கள், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம் ஆராதனையில், ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவினார், நீங்களும் போய் ஊழியம் செய்யுங்கள் என்று பிரசங்கம். கொடுக்க ஒன்றும் இல்லாதவளுக்கு ஆண்டவரின் அந்தக் கடைசி வாரத்தில் என்ன பாடம் இருக்கிறது? லெந்து நோன்புக் காலம் தொடங்கியதிலிருந்து இதே யோசனைதான்.

ஒரு வாசகி, ரங்கூன்

அன்புள்ள அக்கா,

ஆறுதலாக நாலு வரி எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது நீங்கள் ஆறுதல் கேட்கவில்லை என்று புரிந்தது.

யோவான் 13-ஆம் அதிகாரத்தை நாம் எல்லோரும் தண்ணீர் ஊற்றுகிறவர் பக்கம் நின்றே படிக்கிறோம், பிரசங்கமும் அங்கிருந்துதான் வருகிறது. கொஞ்சம் பேதுரு பக்கத்தில் போய் உட்காருங்கள். இந்த ஊரில் இளையவர்தான் பெரியவர் முன் மண்டியிட்டுக் கடோ என்கிற வணக்கம் செய்வார், குரு சிஷ்யனின் காலடியில் குனிந்தால் நமக்கே பதறும். பேதுருவுக்கும் பதறியது, என் காலை நீர் கழுவவே கூடாது என்கிறார். கேட்கிறதற்குத் தாழ்மை மாதிரிதான் இருக்கிறது, ஆண்டவர் அதை மெச்சவில்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்றார். அந்த ராத்திரி பேதுருவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை காலை நீட்டுவது, அவ்வளவுதான், அதுவே அவரால் முடியவில்லை. (அடுத்த வரியிலேயே கையையும் தலையையும் சேர்த்துக் கழுவச் சொல்கிறார், அந்த மனுஷருக்கு எதிலும் நடுவாந்திரம் கிடையாது.)

ஒரு அதிகாரம் பின்னால் போனால் பெத்தானியா ஊர். பஸ்கா என்கிற யூதர் பண்டிகைக்கு ஆறு நாளைக்கு முன்னே இயேசு அங்கே வந்திருக்கிறார். மரியாள் ஒரு இராத்தல் நளதம் என்கிற வாசனைத் தைலத்தை அவர் பாதங்களில் பூசி, தன் தலைமயிரால் துடைக்கிறாள். முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் கணக்குப் போடுகிறான். கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் கிடைத்த காலம், அப்படியென்றால் கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பாத்தியம். எனக்கெதற்கு இவ்வளவு என்று இயேசுவும் சொல்லியிருக்கலாம், நீங்களும் நானும் நிச்சயம் சொல்லியிருப்போம். அவர் அவளை விட்டுவிடச் சொன்னார், தன் அடக்கத்துக்காக அவள் வைத்திருந்தது என்றார். அதாவது, மற்றவர்கள் காலைக் கழுவக் குனிவதற்குச் சில நாள் முன்பே தன் காலை இன்னொருவர் கையில் விட்டிருந்தவர் அவர்.

இப்படிப் படிக்க ஆரம்பித்தால் அந்த வாரம் முழுக்க அவர் வாங்கிக்கொண்டே இருக்கிறார். ஏறி வந்த கழுதை யாருடையதோ, பஸ்கா சாப்பிட்ட மேல்வீடும் யாருடையதோ. கெத்செமனேயில் கூட விழித்திருங்கள் என்று கேட்டார், தூங்கிவிட்டார்கள். சிலுவையைச் சிரேனே ஊரானாகிய சீமோன் சுமந்தான். கல்லறைகூட அரிமத்தியா யோசேப்பு தனக்காக வெட்டி வைத்திருந்தது. ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டவர், கடைசியில் தாகமாயிருக்கிறேன் என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

அதற்காகக் கொடுப்பதையெல்லாம் வாங்கத்தான் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலுவையில் அறையும் முன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தார்கள், அதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் ஈசோப்புச் செடித் தண்டில் மாட்டி நீட்டிய காடியை வாங்கிக்கொண்டார். எதை வாங்குவது, எதை விடுவது என்பது அவர் கையில் இருந்தது. ஆகவே அந்த போட்டோவுக்கு நிற்காதீர்கள். அரிசியை வாங்குங்கள், மூட்டையைப் பிடித்து நிற்க முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஆண்டவர் இடுப்பில் கட்டியிருந்தது துண்டு, எங்கள் சபை உபயம் என்று எழுதின பேனர் இல்லை. சபைக்காரர்கள் கோபித்துக்கொண்டால் நான் எழுதினேன் என்று சொல்லுங்கள், ஏற்கெனவே என் மேல் கோபம்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன் கால் முறிந்து மூன்றாவது மாடியில் கிடந்தேன். கீழ் வீட்டு பர்மியப் பாட்டி தினமும் காலையில் ஒரு கிண்ணம் மொஹிங்கா, மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ், கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். எனக்கு மனசு கேட்கவில்லை, நாலாம் நாள் கழுவின கிண்ணத்துக்குள் பணத்தை வைத்துக் கொடுத்தேன். பணம் அன்று மதியமே திரும்பி வந்தது, அதற்கப்புறம் மொஹிங்கா வரவில்லை. நியாயமாக நடந்துகொண்டதாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொண்டுவந்ததை நான் கடைச் சாப்பாடாக்கிவிட்டேன் என்பது, அவர் மகன் வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் உறைத்தது, மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை.

உங்கள் தெருப் பிள்ளைகள் அவ்வளவு ரோஷக்காரர்களாக இருக்கமாட்டார்கள். ஏப்ரலில் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் மறுபடியும் வாளியோடு வருவார்கள். இந்த முறை ஒரு முக்காலியைப் போட்டு வாசலில் உட்காருங்கள். சீயக்காயும் தயோ மரப்பட்டையும் ஊறின தண்ணீர், கண்ணில் பட்டால் எரியும், நன்றாக மூடிக்கொள்ளுங்கள்.